வாசலில் வைத்த வாளி

கிறிஸ்துமஸைக் கப்பலில் கழிக்க டிக்கெட் எடுத்தபோது, கடலையே பார்த்திராத அப்பா சுப்பனை மகேன் சேர்த்துக்கொள்ளவில்லை. பூத்தோட்டத்து மண் நகக்கண்ணில் அப்பிய கையால் அவர் சோற்றைப் பிசைவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சம். "ஈப்போவுல ஒரு சாவுப்பா, மூணு நாளாகும்" என்று சொல்லிவிட்டு, மனைவி துளசியோடு கிளம்பினான்.

கிறிஸ்துமஸ் விருந்தில் பணியாள் அவர்கள் மேசையில் மூன்று தட்டுகள் வைத்தான். இரண்டு பேர்தான் என்றான் மகேன். பெரியவர் உங்கள் பின்னால்தானே வந்தார் என்று பணியாள் கதவுப் பக்கம் பார்த்தான். துளசி மூன்றாவது தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

மலைமேல் திரிங்காப்பில் இருந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பியபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

"சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கீங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்கலா."

மகேன் குளிரில் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். அப்பாவே முதல் குவளையை ஊற்றினார். உதட்டில் வழிந்த தண்ணீர் கடல் தண்ணீராகக் கரித்தது. நிமிர்ந்து அவரைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

"கண்ண மூடிக்கப்பா" என்றார் அவர், அடுத்த குவளையை மொண்டபடி. "எரியும்."