பழைய கேஸ்

“பழைய கேஸுதான் மச்சான். அதுக்குன்னு வுட்டுடுவனா?”

மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் சரவணகுமாரின் குரல் ஜன்னல் வழியாகக் கீழே வந்தது. செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வேதாந்தம், அடுத்தவர் போன் பேச்சைக் கேட்பது மரியாதையில்லை என்று நகரத்தான் பார்த்தார். நகர முடியவில்லை.

“கடப்பாக்கத்துல டூட்டி பாத்தப்ப கண்ணுல பட்டுச்சு. பத்தொம்போது வருசமா ஸ்டேஷன் மூலைல தூசி பட்டுகினு கெடந்துச்சு, எவனும் சீண்டல. இங்க பக்கத்துல செங்கல்பட்டுக்கு மாத்தல் ஆனப்போ அய்யா கைல கேட்டு நானே எடுத்துகினேன். ஆமா, வெள்ள கலரு. முன்னாடி நசுங்கி கீது. செம்ம அடி.”

வேதாந்தத்தின் கையிலிருந்த பக்கெட் நழுவி வேட்டியெல்லாம் தண்ணீர்.

முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கடப்பாக்கம், பத்தொன்பது வருஷம், வெள்ளை நிறம், நசுங்கிய முன்பக்கம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒரே விடைதான் வந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கடப்பாக்கத்தில் பரீட்சை மேற்பார்வை முடிந்து தன் வெள்ளை மாருதியில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல மழை. மீன் கூடையோடு குறுக்கே வந்த சைக்கிள்காரர் வண்டியில் அடிபட்டு விழுந்தார். வேதாந்தம் நிறுத்தவில்லை. பத்து நாள் பேப்பரைப் புரட்டினார், ஒரு செய்தியும் இல்லை. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று மனைவி ரமாவிடம் சொல்லி வண்டியை விற்றுவிட்டார்.

இப்போது மகள் ஹம்சினிக்குக் கல்யாணம். குடியிருக்கும் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் அழைக்காத வீடு பாக்கியில்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் பதினைந்தே நாள்.

“ஏன்னா, மாடியில அந்தப் போலீஸ்காரர் என்னதான் பண்றார்?” என்று ரமா கொடியிலிருந்து எடுத்த புடவையை உதறிக்கொண்டே வந்தாள். “காயப்போட்ட துணியெல்லாம் இரும்புத் தூள். சத்தமோ காதைப் பிளக்கறது. கொஞ்சம் போய்ச் சொல்லுங்கோளேன்.”

“நானா? நான் எதுக்கு அவர்கிட்டப் போகணும்?” என்று வேதாந்தம் போட்ட சத்தத்தில் அவளே ஓரடி பின்வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை மாலை, எந்த ஆளை ஒரு வாரமாகத் தவிர்த்தாரோ அவரே மாடிப்படியில் எதிரே வந்தார். கட்டைவிரலில் பிளாஸ்திரி, முகத்தில் ஒரு சிரிப்பு. வேதாந்தம் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

“சார், ஞாயித்துக்கெழம காலைல வூட்ல இருப்பீங்களா? உங்க கைல ஒண்ணு கேக்கணும்.”

“இப்பவே கேளுங்களேன்.”

“இல்ல சார். ஒவ்வொண்ணா கெடச்சுகினு கீது. எல்லாத்தையும் ஒண்ணு சேத்துட்டு வந்து கேக்கறேன்.”

அதற்குமேல் வேதாந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணப் பந்தலில் போலீஸ் ஜீப் வந்து நிற்பதே கண்ணுக்குள் ஓடியது. அவர் வந்து கேட்பதற்குள் நாமே போய்ச் சொல்லிவிட்டால் கொஞ்சம் இரக்கம் காட்டுவார் என்று தோன்றியது. ஞாயிறு காலை ரமா கோயிலுக்குக் கிளம்பியதும், கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினார்.

கதவைத் திறந்த சரவணகுமார் லுங்கியில் இருந்தார். “நானே கீழ வரலாம்னு இருந்தேன். வாங்க சார்.”

வேதாந்தம் உள்ளே போகவில்லை. நிலைப்படியிலேயே நின்று கைகூப்பினார்.

“நீங்க போன்ல பேசினதெல்லாம் கேட்டுட்டேன். அந்தக் கேஸ்ல வண்டி ஓட்டினது நான்தான்.” மழை, சைக்கிள், மீன் கூடை, விற்ற மாருதி என்று எதையும் விடாமல் கொட்டித் தீர்த்தார். “நிறுத்தியிருக்கணும். பயந்துட்டேன். அந்தப் பயம் இன்னிக்கு வரைக்கும் விடலை. ஹம்சினி கல்யாணம் மட்டும் முடியட்டும், அப்புறம் நானே ஸ்டேஷனுக்கு நடந்து வரேன்.”



“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ,” என்றார் வேதாந்தம். “அந்த மனுஷன் உசிரோட இருக்காரா? கேஸ்ல அது எழுதியிருக்குமே.”

சரவணகுமார் மெதுவாக ஒதுங்கி நின்றார். அவருக்குப் பின்னால் மேஜைமேல், பழுப்பேறிப்போன ஒரு பழைய வெள்ளைக் கம்ப்யூட்டர் டப்பா இருந்தது. நசுங்கிய முன்பக்கத்தை நிமிர்த்தி, பக்கத்துத் தகட்டை அறுத்துக் கண்ணாடி பொருத்தியிருந்தார். உள்ளே புத்தம் புதுசாக மூன்று ஃபேன். மேஜையடியில் தகடு அறுக்கும் மிஷினும் இரும்புத் தூளும் கிடந்தன.

“இதுக்குத் தனியா ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக்கலாமான்னு கேக்கத்தான் இருந்தேன்,” என்றார் சரவணகுமார். “கம்ப்யூட்டர் பசங்க இந்த டப்பாவத்தான் சார் கேஸுன்னு சொல்வாங்க.”

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து வேதாந்தத்தின் முன்னால் போட்டார்.

“நீங்க சொன்ன கேஸு எனக்கு இப்பத்தான் தெரியும்.”