ஆண்டு, ஊர், மண்டபம்

அஞ்சம்மாள் மூன்றாவது நாளாகத் தொடுதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வினோதாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மணவாள நகர் ஸ்டுடியோவில் முப்பது வருடக் கல்யாணப் போட்டோக்கள், மொத்தம் நாலு லட்சம். அவரவர் படத்தை அவரவரே தேடி எடுக்க வினோதா இந்தத் திரையை வடிவமைத்திருந்தாள். சென்னை வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பிடித்த முதல் ஆர்டர்.

"நீ சொல்லிக் குடுக்கக் கூடாது. கஸ்டமரே தேடி எடுத்தாத்தான் இத்த வெச்சிக்குவேன்" என்று முதலாளி செங்கல்வராயன் கறாராகச் சொல்லியிருந்தார். முதல் கஸ்டமராக வந்து வாய்த்தவர்தான் கடம்பத்தூர் அஞ்சம்மாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடம். ஆல்பம் வெள்ளத்தில் போய்விட்டதாம்.

ஆண்டு, ஊர், மண்டபம் என்று மூன்றே பொத்தான்கள். இதைவிட எளிதாக எப்படிச் செய்வது? அந்த அம்மாவோ போன வருடக் கல்யாணங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பந்தியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆண்டுப் பொத்தானில்தான் கோளாறு என்று வினோதா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஆப்ட்டுச்சாம்மா?"

"எங்க? மனசுக்குப் புடிச்சா மாதிரி ஒண்ணும் ஆப்டல. நீ அவசரப்படாத."

மாலை நாலு மணிக்கு, வெளியூர் கல்யாணத்தில் படமெடுக்கப் போயிருந்த செங்கல்வராயன் வந்துவிட்டார். திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"மூணு நாளா ஒரு படம் கெடைக்கல. இந்த பேஜாரு நமக்கு வாணாம்மா. நான் பழையபடி நோட்டப் பாத்தே தேடிக்கறேன்."

வினோதா லேப்டாப்பைப் பையில் வைத்தாள். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அஞ்சம்மாளுக்குக் கோபம் வந்தது.

"இன்னாத்துக்கு அந்தப் பொண்ண அழ வெக்கற? எங் கல்யாணப் போட்டோ மொத நாளே ஆப்ட்டுச்சி. இது டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ரெண்டே நிமிசத்துல எடுத்துட்டேன்."

செங்கல்வராயன் விழித்தார். "அப்ப மூணு நாளா இன்னாதான் தேடிக்கினு கீறீங்க?"

அஞ்சம்மாள் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கும்மிடிப்பூண்டி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமலே ஓர் இளைஞன் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"எம் பொண்ணுக்குக் கேக்கறேன் நைனா, இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடிச்சா?"