அண்ணனின் ரிவால்வர்

வாழைத்தோட்டத்திலிருந்து காட்டுப்பன்றி பாய்ந்து வர, தருமலிங்கம் ரிவால்வரின் விசையை இரண்டாவது தடவையும் அழுத்தினான். வெடிக்கவில்லை.

"ரிப்பேர் அண்ணி! ஓடுங்க!"

கோமளவல்லி ஓடவில்லை. ரிவால்வரை அவன் கையிலிருந்து பிடுங்கி, பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் அப்படி இழுத்துவிட்டால்தான் அது வெடிக்கும். விசையை அழுத்தினாள். இடி இறங்கியது போல வெடித்தது. தோள்வரை அதிர்ந்தது. பன்றி உருண்டு விழுந்தது.

தருமலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினான். "குடுங்க. செத்துப்போன அண்ணன் சாமான் தம்பிக்குத்தான். பொம்பளைக்கு எதுக்கு இது?"

"உங்க அண்ணனுக்கு இந்தச் சத்தமே ஆகாது, தம்பி." அவள் ரிவால்வரை இடுப்பில் செருகினாள். "இதுக்கு என் பேர்ல லைசென்ஸ் வாங்கி, ஆறு வருஷம் கழிச்சுத்தான் அவரே எனக்குக் கிடைச்சார்."