நீல முகமூடி

"நீங்க நீல முகமூடி," என்று இடப்பக்கத் துப்பாக்கியைக் கதிரேசனிடம் நீட்டினாள் தாரிணி. கல்யாணமான பிறகு மாலில் இருவரும் சேர்ந்து ஆடும் முதல் ஆட்டம். போலீஸ் கைவிட்ட ஊரில், முகமூடி போட்ட இரண்டு பேர் ரவுடிக் கும்பலைச் சுட்டுத் தள்ளும் பழைய வீடியோ கேம். எந்த ஜன்னலில் எவன் தலை நீட்டுவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கும்பல் தலைவன் வெளியே வந்ததும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாஸ் எப்பவும் உனக்குத்தான்டா, சுடு!" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

கதிரேசனை அவள் ஒருநாளும் 'டா' போட்டதில்லை; அவனோடு இதற்குமுன் இந்த ஆட்டம் ஆடியதுமில்லை. கதிரேசன் தலைவனை விட்டுவிட்டு, திரையில் நின்ற நீல முகமூடிக்காரனின் முதுகைக் குறிவைத்தான். சுட்டான். சுட்டுக்கொண்டே இருந்தான். அந்த ஆட்டத்தில் முகமூடிக்காரர்கள்மேல் நம் குண்டு பாயாது.