எண்ணெய்க் கறை

"பரீட்சைத் தாளா இது, பலகாரம் மடிக்கிற காகிதமா?"

அறிவியல் டீச்சர் விடைத்தாளை இரண்டு விரல் நுனியில், அதற்கு ஏதோ தொற்றுநோய் மாதிரி தூக்கிக் காட்டினார். முதல் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. உள்பக்கத்திலிருந்து ஊறி வந்திருந்தது. இந்த லட்சணத்தில் புரட்டிப் பார்க்கவே மனசு வரவில்லை, திருத்தாமல் அப்படியே பூஜ்யம் போட்டுவிட்டேன் என்றார். வெளியூர் அறிவியல் போட்டிக்குப் போகிறவர்கள் பட்டியலிலிருந்தும் மகளின் பெயரை எடுத்துவிடப் போகிறாராம்.

அம்மாவுக்கு முகம் செத்துப் போனது. தொழிற்சாலை கேன்டீனில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற வேலை அவளுக்கு. எத்தனை தரம் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டு வாசம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நைசாக எழுந்து வேறு சீட்டுக்குப் போவதும் அவளுக்குத் தெரியும். டீச்சர் வரச்சொன்னதும், பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கென்றே தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்திருந்தாள். அப்படியும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதான் டீச்சர். பரீட்சை எழுத வாங்கின வெள்ளைத் தாளையெல்லாம் நான்தான் மடிச்சு அவ பையில வச்சேன். என் கை பட்டிருக்கும்."

"அம்மா, அது நீ இல்ல. டீச்சர், தாளுக்கு உள்ள வந்து..." என்று பக்கத்தில் நின்ற மகள் ஆரம்பித்தாள்.

"பெரியவங்க பேசறப்ப வாயைத் திறக்காதேடி."

அம்மா அவள் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். மகள் கண்கலங்கி அடங்கிப்போனாள்.

இனிமேல் அவள் புத்தகம் நோட்டு எதையும் தொடமாட்டேன், வேண்டுமானால் இந்த வேலையையே விட்டுவிடுகிறேன், பெயரை மட்டும் எடுக்க வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாள். பெற்ற மகளுக்கு முன்னால் இப்படிக் கூனிக்குறுகி நிற்கிறோமே என்ற அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

டீச்சர் கொஞ்சம் இளகினார். "சரி, அழாதீங்க. போட்டியைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன். கறை இருக்கிற பக்கத்துல, பார்த்தேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

அம்மா தாளை ஜன்னல் கட்டையில் வைத்துப் புரட்டினாள். ஐந்தாவது கேள்விக்கு எழுதிய பதிலுக்குக் கீழே இருந்தது கறை. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதுவும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். போடுகிற கையெழுத்தை எதற்கென்று தெரிந்து போடுவோம் என்று, டீச்சருக்கும் கேட்கும்படி, விரல் வைத்துப் படித்தாள்:

"நிலக்கடலை தன் உணவைக் கொழுப்பாகச் சேமித்து வைக்கிறது. அதற்குச் சோதனை: கீழே நாலு கடலையை நசுக்கித் தேய்த்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் டீச்சர், வெறும் தண்ணீராக இருந்தால் இந்நேரம் காய்ந்திருக்கும்."