தட்டோரத்துக் குழம்பு

மெக்சிகோவின் புவெப்லா நகரத்து மதிய வெயில் எங்கள் சாப்பாட்டு மேசையில் விழுகிறது. மாட்ரிட்டிலிருந்து வந்திருக்கும் எவரிஸ்தோ அண்ணன், வான்கோழிக் கறியின் மேலிருந்த மோலேக் குழம்பைக் கரண்டியால் வழித்துத் தட்டோரம் தள்ளுகிறான். அந்தக் குழம்புக்காக மூன்று நாளாக மிளகாயும் எள்ளும் கொக்கோவும் அம்மியில் அரைத்ததில் எனக்கும் அம்மாவுக்கும் விரல் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "அங்கெல்லாம் கறிய இப்படி முழுகடிக்க மாட்டாங்கம்மா. கறி ருசியே தெரியல." அம்மாவின் கழுத்து நரம்பு புடைக்கிறது. "அப்படியா தொரை?" அவன் தட்டிலிருந்த கறியை வெறுங்கையால் எடுத்து என் தட்டில் போடுகிறாள். "கறி கடையில வாங்குனது. நான் சமைச்சது அந்தக் குழம்புதான். தின்னு." சூடான சோளரொட்டியை அவன்முன் அறைந்து வைக்கிறாள். அண்ணன் தலை நிமிராமல் ரொட்டியைக் கிழிக்கிறான். குழம்பு தீர்ந்து தட்டு வெளுக்கும்வரை அம்மா நகர்வதாக இல்லை. நானும்தான்.