ஒரே வெட்டில்

“இது உண்மையா வெட்டுமோ, இல்லாட்டிச் சுவரில கொழுவி வைக்கத்தானோ?”

தங்கப் பூச்சு வாள் ஒன்றை ராகவியிடம் எடுத்து நீட்டிக் கேட்டார் அப்பா மகேசன். 2008 செப்டெம்பரின் முதல் சனிக்கிழமை, நோர்வேயின் குறொன்லாண்டில் நிலக்கீழ் அறையில் இருந்த அந்த வாள்கடைக்கு அவரைக் கூட்டிவந்ததே அவளுக்குப் பாதி வெற்றி. மீதிப் பாதிதான் கஷ்டம்.

“வீட்டுக்குள்ள ஆயுதம் வரக்கூடாது” என்பது புருசெத்தில் அவர்கள் வீட்டுச் சட்டம். ஊரில் நடந்த சண்டையிலிருந்து தப்பி ஓடிவந்த அப்பா போட்ட சட்டம். நியாயம் இல்லாமலும் இல்லை. ராகவியோ மூன்று வருடமாக ஒரு நீள்வாள் கழகத்தில் மொட்டை வாளோடு மல்லுக்கட்டியவள். அடுத்தது வெட்டுப் பயிற்சி. நனைத்துச் சுருட்டிய பாயை நட்டுவைத்து, கூரான வாளால் வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு வாள் தேவை. அப்பா ஓம் என்றால்தான் அது வீட்டுக்குள் நுழையும். இருபத்திரண்டு வயதில் அப்பாவிடம் ஏன் கேட்கிறாய் என்று கழகத்து நண்பர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு மகேசனைத் தெரியாது.

“அது வேண்டாம் அப்பா. பாக்கத்தான் வடிவு. ஓங்கி வெட்டினா பிடியோட கழண்டு பறக்கும்.” ராகவி அந்த வாளைத் திருப்பி வைத்தாள்.

“அப்ப இது?”

“அது நல்ல வாள். ஆனா என்ர ரெண்டு மாசச் சம்பளம்.”

தாடி வைத்த நோர்வேக்காரக் கடைக்காரர் உள்ளே போய், யாரோ பாவித்த வாள் ஒன்றை எடுத்து வந்தார். அலங்காரம் எதுவும் இல்லை. பிடியின் தோல் தேய்ந்திருந்தது. ராகவி அதை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தாள். பிடிக்கு மேலே நாலு விரல் தள்ளி அசையாமல் நின்றது.

“இதுதான் அப்பா! இரும்பு பிடிக்குள்ள கடைசிமட்டும் போகுது. நல்லாத் தீட்டியும் வைச்சிருக்கினம். விலையும் எனக்குக் கட்டுப்படியாகும்.”

மகேசன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் இருபது வருட நோர்வேஜிய மொழியில் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“தொடை மொத்தத்தில் ஒன்று. உள்ளே முழுக்கத் தண்ணீர். நிமிர்ந்து நிற்கிறது. இந்த வாளால் ஒரே வெட்டில் விழுமா?”

கடைக்காரரின் கை மெல்லத் தொலைபேசிப் பக்கம் நகர்ந்தது. “வெட்டுப் பயிற்சிக்கு, பயிற்சிக்குத்தான்!” என்று ராகவி அவரிடம் அவசரமாக நோர்வேஜிய மொழியில் சொல்லிச் சமாளித்தாள்.

“விழும். வெட்டுபவருக்குக் கை பழகியிருக்க வேண்டும்” என்றார் கடைக்காரர்.

“பழகாவிட்டால்?”

“நடுவில் சிக்கிக்கொள்ளும்.”

மகேசனின் முகம் கறுத்துப் போனது. மகளை ஓரமாக இழுத்தார்.

“கேட்டியோ? அரைவாசியில சிக்குமாம். முன்னூறு சனம் பாத்துக்கொண்டு நிக்கேக்கை சிக்கினா, மானமெல்லோ போகும்!”

“எங்கட கழகத்தில இருவது பேர்தான் அப்பா. ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்.”

“எங்கட சனம் சிரிக்கும். வருசம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் ராகவி.

“வேண்டாமெண்டா நேர சொல்லுங்கோ அப்பா. சுத்தி வளைக்காதேங்கோ. எனக்கு இதில எவ்வளவு ஆசை எண்டு உங்களுக்குத் தெரியும்.”

மகேசன் வாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். “ஒண்டும் தெரியாத ஆள் ஒருத்தர் ஒரே வெட்டில விழுத்தப் பழக எத்தினை நாள் வேணும்?”

“ஒழுங்காச் சொல்லிக் குடுத்தா ஒரு மாசம் காணும். ஏன்?”

“ஒரு மாசமோ... சரி, காணும்.”

மகேசன் கடைக்காரரிடம் போனார். சட்டைப்பையிலிருந்து பணப்பையை எடுத்தார். “நல்லா மூடிக் கட்டித் தாருங்கள். ரயிலில் கொண்டுபோக வேண்டும்.”

ராகவிக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை. கடைக்காரர் பார்க்கிறார் என்றுகூட யோசிக்காமல் அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். அந்தச் சந்தோசத்தில் அவளுக்கு அழுகையும் வந்தது.

“என்னப்பா, திடீரெண்டு மனம் மாறிட்டியள்?”

“திடீரெண்டு இல்லை பிள்ளை. போன வருசம் விசயதசமிக்கு எங்கட கோயில்ல அசுரன் எண்டு வாழையை நட்டு வெட்டினதைப் பாத்தனிதானே? எங்கட ஐயர் மரக்கறிக் கத்தியால நாலு தரம் வெட்டியும் அசுரன் அசையேல்லை!” என்றார், இந்த வருடம் அந்தத் திருவிழாவுக்குப் பொறுப்பேற்றிருந்த மகேசன். “வாள் உனக்குத்தான். ஆனா அடுத்த சனிக்கிழமையில இருந்து ஐயரையும் உன்ர கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நீதான் அவருக்கு வெட்டப் பழக்கிவிட வேணும்.”